விசா விண்ணப்பமும் முந்தைய நிக்காஹும்: மூடி வைப்பது எது? மறுத்துச் சொல்வது எது?

 



நிக்காஹ் மஜ்லிஸ்களில் ஓதப்படும் குத்பாவை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் இடம்பெறுவதுண்டு. ஈமான் கொண்டவர்கள் இறைவனை அஞ்சி, நேரான சொல்லையே சொல்ல வேண்டும் என்பது அதன் கட்டளை. அதற்கடுத்த வசனம், அப்படிச் சொல்வோரின் செயல்கள் சீராக்கப்படும், அவர்களின் பாவங்கள் மன்னிக்கப்படும் என்று வாக்களிக்கிறது. ஆயிரம் கட்டளைகள் இருக்க, மணமேடையில் ஏன் இந்தக் கட்டளை நினைவூட்டப்படுகிறது என்று சிந்தித்திருக்கிறோமா? இரண்டு உயிர்கள் இணையும் வாழ்க்கைக்கு நேரான சொல்லே அடித்தளம் என்பதனால்தான்.

அந்தக் குத்பாவைக் கேட்டுச் சில வாரங்கள்கூட ஆகாத ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பெண்ணுக்கு இது இரண்டாம் நிக்காஹ். முதல் நிக்காஹ் 22 வயதில் நடந்தது. ஐந்தே மாதத்தில் குலாவில் முடிந்தது. குடும்பம் ஊரை மாற்றிக்கொண்டது, பேச்சு அடங்கியது. இப்போது அல்லாஹ்வின் அருளால் ஆஸ்திரேலியாவில் வசிக்கும் நல்ல மாப்பிள்ளை அமைந்துவிட்டார். வாழ்க்கைத் துணை விசாவுக்கான விண்ணப்பத்தை நிரப்பக் குடும்பமே கூடி அமர்ந்திருக்கிறது. முன்பு திருமணம் ஆகியிருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. பெண் தயங்குகிறாள். தாய்மாமன் சொல்கிறார்: “இல்லை என்று போடு. அல்லாஹ் மூடி வைத்ததை நாம் ஏன் திறக்க வேண்டும்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகளின் மானத்தைக் காப்பதாகவே கருதுகிறார். மார்க்கமும் தம் பக்கம் இருப்பதாக நம்புகிறார். ஆனால் அந்த ஒரு சொல் அவளுடைய விசாவை மட்டுமன்றி, பல ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய பிள்ளைகளின் நிலையையும் ஆட்டிவிடக்கூடியது. எனவே இந்த விஷயத்தைச் சட்டத்தின் பார்வையிலும் மார்க்கத்தின் பார்வையிலும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் கணவன் அல்லது மனைவிக்கு 309 என்ற எண்ணுடைய தற்காலிக விசாவும், அதன்பின் 100 என்ற எண்ணுடைய நிரந்தர விசாவும் உள்ளன. அந்நாட்டிற்குள் இருந்தபடி விண்ணப்பிப்போருக்கு 820, 801 என்ற எண்கள். நிச்சயிக்கப்பட்டு, அங்கே சென்று மணம் முடிக்க இருப்போருக்கு 300. இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும், விண்ணப்பிப்பவர், ஸ்பான்சர் செய்பவர் ஆகிய இருவரின் முந்தைய உறவுகளும் கேட்கப்படுகின்றன. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, மணவிலக்கா, மரணமா என்பவற்றைச் சொல்லி, முடிந்ததற்கான ஆவணத்தையும் இணைக்க வேண்டும்.

ஊர் வம்பு பேசுவதற்காக இதனைக் கேட்பதில்லை. அந்நாட்டின் 1958ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 5எஃப் பிரிவு, கணவன் மனைவி என்றால் யார் என்று வரையறுக்கிறது. திருமணம் அந்நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். வேறெவருக்கும் இடமின்றி இருவரும் ஒருவருக்கொருவர் உறுதி பூண்டிருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். இருவரும் நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவர்களாக இருக்கக் கூடாது. முந்தைய திருமணம் முடிந்துவிட்டதா என்பது தெரியாமல் இதனை எப்படி முடிவு செய்வது?

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒருவர் தம் வாழ்நாளில் பொதுவாக இருவரை மட்டுமே வாழ்க்கைத் துணையாக ஸ்பான்சர் செய்ய முடியும். இரண்டுக்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். தாமே இவ்வாறு ஸ்பான்சர் செய்யப்பட்டு வந்தவர் என்றால், அவரும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். வலுவான காரணங்கள் இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு. பெண்களை வரிசையாக அழைத்துச் சென்று கைவிடும் ஆண்களிடமிருந்து நம் பெண்மக்களைக் காப்பதற்கும் இந்த விதி உதவுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்தில் பதியுங்கள். முன்பு திருமணமாகி முடிந்தது என்பதற்காக விசா மறுக்கப்படுவதில்லை. மணவிலக்குப் பெற்றவர்களும் விதவைகளும் விண்ணப்பித்து விசா பெறுகிறார்கள். உண்மை அவர்களுக்குத் தடையாக இருப்பதில்லை. தடையாக வருவது நாம் எழுதும் பொய்தான்.

ஒரு பொய்யின் விலை

அதே குடிபெயர்வுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, விண்ணப்பத்தில் தவறான விடை அளிக்கக் கூடாது என்கிறது. இதனுடன் 4020 என்ற எண்ணுடைய ஒரு நிபந்தனையும் உண்டு. விசாவுக்குரிய தகுதிகளில் ஒன்றோடு தொடர்புடைய பொய்யான தகவலோ போலி ஆவணமோ அளிக்கப்பட்டது என்று முடிவானால், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு, இந்நிபந்தனை பொருந்தும் வேறு விசாக்களும் கிடைப்பது அரிதாகிவிடும். அடையாளத்தையே மாற்றிச் சொன்னவருக்குப் பத்தாண்டுகள். அந்த நாட்டுக் குடிமகனின் அல்லது நிரந்தரவாசியின் நலன் பாதிக்கப்படும் இரக்கத்திற்குரிய சூழ்நிலைகளில் மூன்றாண்டுத் தடைக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் அது கேட்டவுடன் கிடைத்துவிடுவதன்று.

இந்த நிபந்தனையின் கூர்மை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் விசா கிடைத்திருக்குமே என்று வாதிட்டுப் பயனில்லை. அந்தத் தகவல் தகுதியோடு தொடர்புடையதா, அது பொய்யா என்பதே பார்க்கப்படும். கொடுத்திருந்தால் கேடு செய்யாத உண்மையை மறைத்து, கேடு செய்யும் பொய்யை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம். விலை என்பது வெறும் உவமை அன்று. 2024 ஜூலையில் இந்த விசாவின் கட்டணம் 9,095 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தத் தொகை திரும்பி வராது.

விசா கிடைத்துவிட்டால் பிழைத்தோம் என்பதும் தவறான எண்ணம். விண்ணப்பத்தில் தவறான விடை இருந்தது என்று பின்னர் தெரியவந்தால், நிரந்தர விசாவைக்கூட 109ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்ய முடியும். ஒருவரின் விசா ரத்தானால், அவரைச் சார்ந்து விசா பெற்ற குடும்பத்தாரின் விசாவும் அதனோடு போகக்கூடும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், வாங்கிய வீடும், செய்துவரும் வேலையும், பழைய படிவத்தின் ஒரு விடையைப் பொறுத்து நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்கலாம். கணவரின் படிவமும் மனைவியின் படிவமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. முன்பு எப்போதோ மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ விண்ணப்பித்தபோது எழுதிய திருமண நிலை கோப்பில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் அல்லது மனைவியின் பெயர் அச்சிடப்பட்டு வந்துள்ளது. பழைய பாஸ்போர்ட்டே சாட்சி சொல்லிவிடும். மனக்கசப்புற்ற உறவினர் ஒருவர் எழுதும் கடிதமும் போதும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், கண்களின் களவையும் உள்ளங்கள் மறைப்பதையும் அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை முஃமினுக்குச் சொல்லத் தேவையில்லை.

மார்க்கம் மூடச் சொல்வது எதனை?

இப்போது தாய்மாமனின் கேள்விக்கு வருவோம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உள்ளது. இரவில் தான் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் எழுந்து தானே அதை ஊரறியச் சொல்பவனைக் கண்டித்து வந்த நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு சம்பவம் உண்டு. தம் சகோதரியைப் பெண் கேட்டு வந்தவரிடம் ஒருவர் அவளுடைய பழைய பாவத்தைச் சொல்லிவிட்டார். செய்தி அறிந்த உமர் (ரலி) அவர்கள், அதைச் சொல்ல உனக்கு என்ன வந்தது என்று அவர்மீது கடுமையாகச் சினம் கொண்டார்கள்.

ஆம், மூடி வைத்தல் மார்க்கத்தின் உயர்ந்த பண்பு. ஆனால் மூடி வைக்கச் சொல்லப்பட்டது எது? பாவம்! தவ்பா செய்யப்பட்டு, அடியானுக்கும் ரப்புக்கும் இடையே முடிந்துபோன பாவம்.

முந்தைய நிக்காஹ் பாவமா? வலீ, சாட்சிகள், மஹர் ஆகியவற்றோடு ஊரறிய நடந்த உடன்படிக்கை அது. ஊரறிய நடப்பதே நிக்காஹின் அழகு. தலாக்காலோ குலாவாலோ அது முடிந்ததும் மார்க்கம் வகுத்த வழியில் முடிந்ததுதான். அதில் மூடுவதற்கு என்ன இருக்கிறது? உம்முஹாத்துல் முஃமினீன்களைப் பாருங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களை மணக்கும் முன் மண வாழ்வு கண்டவர்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் முந்தைய கணவர் குனைஸ் (ரலி). அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்தைய கணவர் அபூ ஸலமா (ரலி). அந்தப் பெயர்களை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை. மரியாதையோடு எழுதி வைத்தார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் முன்பு ஸைத் (ரலி) அவர்களின் மனைவியாக இருந்ததையும், அந்த மணம் முடிந்ததையும் குர்ஆனே (33:37) பேசுகிறது. ஸஹாபாக்களில் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர் ஸைத் (ரலி) ஒருவரே. அதுவும் இந்த இடத்தில்தான்! மணவிலக்கை அவமானச் சின்னமாக்கியது நம் சமூகத்தின் வழக்கம், மார்க்கமன்று.

மறுபுறம், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்கு உள்ளாகிறது என்று அல்பகரா 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் சாட்சியத்தில் நேர்மை வேண்டும் என்று அந்நிஸா 135ஆம் வசனம் பணிக்கிறது. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டு சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து அமர்ந்து, இனி நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று புகாரீ பதிவு செய்கிறது. சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறி அளிக்கும் விண்ணப்பம், நம் காலத்தின் சாட்சியம் அல்லவா?

சுருங்கக் கூறின், கேட்காதவரிடம் பேசாமல் இருப்பது மூடி வைத்தல். கேட்கும் உரிமை உள்ளவர் கேட்கும்போது, நடந்ததை நடக்கவில்லை என்பது மறுத்துச் சொல்லுதல். முன்னது மானம் காக்கும். பின்னது மானத்தோடு மற்றவற்றையும் போக்கும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

நிக்காஹ் மட்டும்தான் நடந்தது. பெண்ணை அழைத்துச் செல்வதற்குள் முறிந்துவிட்டது. இதையும் சொல்ல வேண்டுமா? ஆம். தீண்டும் முன் தலாக் சொல்லப்பட்டால், பேசிய மஹரில் பாதி உண்டு (2:237) என்றும், அப்பெண்ணுக்கு இத்தா இல்லை (33:49) என்றும் குர்ஆன் சட்டம் சொல்கிறது. தலாக்கும் பாதி மஹரும் உண்டென்றால், அங்கே நிக்காஹ் இருந்தது என்றுதானே பொருள்?

பதிவு அலுவலகத்தில் பதியவில்லையே என்பர் சிலர். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தாரின் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் பதியாததனால் நடந்த நிக்காஹ் நடக்காததாகிவிடாது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், பதிவு செய்யாத ஒரே காரணத்தால் நிக்காஹ் செல்லாமற் போவதாகக் கூறவில்லை. பதியப்படாத நிக்காஹையும், அது பதியப்படவில்லை என்ற விளக்கத்தோடு எழுதுங்கள்.

நிச்சயம் செய்து முறிந்த சம்பந்தத்தை எழுத வேண்டுமா என்றால், படிவத்தின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். நிச்சயதார்த்தமும் கேட்கப்பட்டிருந்தால் எழுதுங்கள், கேட்கப்படாவிட்டால் தேவையில்லை. பெண் பார்த்துச் சென்ற கதைகளை யாரும் கேட்பதில்லை.

திருமணம் இன்றி ஒருவரோடு தம்பதியர் போல் சேர்ந்து வாழ்ந்த காலம் சிலரின் வாழ்வில் இருந்திருக்கலாம். அல்லாஹ் மன்னிப்பானாக! ஆஸ்திரேலியச் சட்டம் இதனை ‘டி ஃபேக்டோ’ உறவு என்று அழைத்துத் தனியே கேட்கிறது. இங்கே தயக்கம் நியாயமானது. ஆனால் நபிமொழி கண்டிப்பது, பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதை. ரகசியம் காக்கும் கடமையுள்ள அதிகாரியிடம், சட்டம் கேட்ட கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் விடையளிப்பது வேறு. தொடங்கிய நாள், முடிந்த நாள், முடிந்துவிட்டது என்ற உண்மை ஆகியவற்றுக்கு மேல் ஒரு வரியும் கூட்ட வேண்டாம். சேர்ந்து வாழாத பழக்கமும் பேச்சும் இதில் சேரா. ஐயம் இருந்தால் நம்பிக்கையான ஆலிமிடமும் சட்ட ஆலோசகரிடமும் தனியே கேளுங்கள்.

முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைகள் உடன் வராவிட்டாலும், படிவம் கேட்கும் இடத்தில் அவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பெற்ற பிள்ளையை இல்லை என்று எழுதும் கை எத்தகைய கை!

முடிந்ததற்குச் சான்று எங்கே?

உண்மையைச் சொல்லத் துணிந்த குடும்பங்களும் தடுமாறும் இடம் இதுதான். நிக்காஹைக் காட்ட ஜமாஅத்தின் பதிவேடு இருக்கும். முடிந்ததைக் காட்ட ஒன்றும் இருக்காது. வாய்மொழியாகத் தலாக் சொன்னார், பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நகையைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதோடு நின்றுவிடும்.

இந்தியாவில் உள்ளோர் மூன்று விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ஒரே அமர்வில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாகவும் ஆக்கியது. அவ்வாறு மட்டுமே சொல்லிப் பிரிந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன் மனைவியரே. இரண்டாவது, காஜி வழங்கும் தலாக் சான்று ஒரு கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட வலிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. மூன்றாவது, தனியார் ஷரீஅத் அமைப்புகள் வழங்கும் குலா சான்று செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

ஆகவே ஜமாஅத் கடிதத்தையும் காஜியின் சான்றையும் துணை ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மட்டும் நம்பி நிற்காதீர்கள். மணநிலையை உறுதி செய்து ஆணை வழங்கக் குடும்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. பெண்களுக்கு 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் வழி காட்டுகிறது. இலங்கையில் உள்ளோருக்குக் காதி நீதிமன்றத்தின் வழியாக முறைப்படி பதியப்பட்ட விவாகரத்து ஆவணம் இருக்கும். விதவைக்கும் மனைவியை இழந்தவருக்கும் இறப்புச் சான்று போதுமானது. புதிய சம்பந்தம் பேசும் முன்பே இவற்றை முடித்து வையுங்கள். நாட்களையும் சரிபாருங்கள். தலாக்கின் நாள், இத்தா முடிந்த நாள், புதிய நிக்காஹின் நாள் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், விசா அதிகாரிக்கு முன்பே மார்க்கக் கேள்வி எழுந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு சொல். ஆஸ்திரேலியாவில் சட்டப்படி மணமுடித்து வாழ்ந்தவர், பள்ளிவாசலில் தலாக் சொல்லிவிட்டதால் மட்டும் அந்நாட்டுச் சட்டப்படி விடுபட்டவர் ஆகமாட்டார். 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்கள் பிரிந்திருந்த பின் நீதிமன்றத்தில் மணவிலக்கு ஆணை பெற வேண்டும். அந்த ஆணையும் பொதுவாக ஒரு மாதமும் ஒரு நாளும் கழிந்த பின்னரே நடைமுறைக்கு வரும். அதற்கு முன் இங்கே வந்து நிக்காஹ் செய்தால், அந்த நிக்காஹை அந்நாடு திருமணமாக ஏற்பதில்லை. முதல் மனைவியோடு வாழ்ந்துகொண்டே இரண்டாம் மனைவியை இந்த விசாவில் அழைத்துச் செல்லலாம் என்று யாரேனும் சொன்னால், அதையும் நம்பாதீர்கள். பெண்ணைக் கொடுக்கும் முன், மாப்பிள்ளையின் மணவிலக்கு ஆணையை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அது சந்தேகமன்று, வலீயின் கடமை.

முதலில் கணவர் அறியட்டும்

சில வீடுகளில் படிவத்தில் மறைப்பதற்குக் காரணம், புதிய கணவரிடமே மறைத்திருப்பதுதான். இருவரின் விவரங்களும் ஒன்றாகப் பார்க்கப்படும் விண்ணப்பத்தில் இது எத்தனை நாள் நிற்கும்? விசா அலுவலகத்தின் கடிதம் மூலம் மனைவியின் முதல் நிக்காஹை அறியும் கணவரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, அவ்விருவரின் நிலையையும் நபியவர்கள் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்து, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஃபாத்திமா (ரலி) அவர்களே தலாக் சொல்லப்பட்டு, இத்தா முடித்திருந்தவர்கள் என்பதையும் அதே ஹதீஸ் சொல்கிறது. சம்பந்தம் பேசும்போதே மணநிலையைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு விலகிச் செல்பவர், பின்னர் அறிந்து விலகுவதைவிட இப்போது விலகுவது நல்லது.

படிவத்தில் முந்தைய மணம் முடிந்த காரணத்தை எழுதும்போது, பழைய கணவரையோ மனைவியையோ தூற்றாதீர்கள். ஒத்துப்போகாமல் குலா பெறப்பட்டது என்பது போன்ற ஒரு வரி போதும். கொடுமை நடந்திருந்து, அதைச் சொல்வது தேவையென்றால், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது என்ற சொல்லும் காப்பாற்றாது. விடை தவறு என்பதை விண்ணப்பித்தவர் அறியாதிருந்தாலும் அது தவறான விடையே என்று குடிபெயர்வுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு கூறுகிறது. ஆஸ்திரேலியாவில் தொழில் செய்யும் ஏஜென்ட்டுகள், வழக்கறிஞர்கள் நீங்கலாக, அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். யார் நிரப்பினாலும், அனுப்பும் முன் ஒவ்வொரு விடையையும் பெண்ணும் மாப்பிள்ளையும் தாமே படித்துப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே எழுதிவிட்டோமே!

இதை வாசிக்கும் சிலரின் நெஞ்சு இப்போது படபடக்கலாம். கதவு மூடிவிடவில்லை. தவறான விடை அளித்ததை உணர்ந்தவர் தாமே முன்வந்து திருத்தித் தெரிவிக்க வேண்டும் என்று 105ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கென 1023 என்ற எண்ணுடைய படிவமே உண்டு. அதனால் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று உறுதி கூற முடியாது. தகுந்த சட்ட ஆலோசனை பெற்றுச் செய்யுங்கள். ஆயினும், அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நாமே சென்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைவுகூருங்கள். தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து, சத்தியம் செய்து, காரணம் சொல்லி, அன்றே வீடு திரும்பினார்கள். பேச்சாற்றல் மிக்க கஅப் (ரலி) அவர்களுக்கும் ஒரு காரணம் புனைவது கடினமன்று. ஆனால் இன்று பொய்யால் நபியைத் திருப்திப்படுத்தினால், நாளை அல்லாஹ் உண்மையை வெளியாக்குவான் என்று அஞ்சி, தமக்குத் தடை எதுவும் இருக்கவில்லை என்ற உண்மையையே சொன்னார்கள். ஐம்பது இரவுகள் ஊரே அவர்களோடு பேசவில்லை. நாற்பது நாள் கழிந்தபோது மனைவியையும் விட்டு விலகியிருக்கும்படி ஆணை வந்தது. மனைவியைப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். பூமி விரிந்திருந்தும் அவர்களுக்கு நெருக்கமாகிவிட்டது என்று குர்ஆன் (9:118) அந்த நிலையை வருணிக்கிறது. பின்னர் தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தி வந்தது. சத்தியம் செய்து அன்றே வீடு திரும்பியவர்களைப் பற்றி வந்த வசனங்களோ (9:95, 96) வேறு விதமானவை.

உண்மையைச் சொன்ன குடும்பமும் காத்திருக்க நேரலாம். கூடுதல் ஆவணம் கேட்கலாம், மாதங்கள் நீளலாம், கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாக நாட்கள் கழியலாம். கஅப் (ரலி) அவர்களின் வீட்டிலும் அப்படி ஒரு பிரிவு இருந்தது. அது முடிவுக்கு வந்தது.

ஆகவே, அந்தப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் நம் மகளிடம் சொல்லுங்கள்: மகளே! நீ மறைக்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை. ஆம் என்று எழுது. நிக்காஹின் நாளை எழுது, முடிந்த நாளை எழுது, சான்றை இணை. உன் தலை குனியத் தேவையில்லை.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளையும் எழுதுகோல்களையும் பொய்யிலிருந்து காப்பானாக! பிரிந்து வாழும் தம்பதியரை நலமுடன் ஒன்று சேர்ப்பானாக! மணவிலக்குப் பெற்ற நம் பெண்மக்களைக் கண்ணியத்தோடு நோக்கும் சமுதாயமாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!